ஐந்து நாளில் தீர்ந்துபோன குரல்

பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் வேலைநாளில், குரல் சிகிச்சையாளரான என் அறை வாசலில் எப்போதும் கூட்டம் கூடுதலாக இருக்கும். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி இல்லாமல் பட்டிமன்றம் பேசியவர், பேரப்பிள்ளைகளோடு நான்கு நாள் கத்தித் தீர்த்த தாத்தா, குடியிருப்பின் கோலப்போட்டிக்கு அறிவிப்பாளராக நின்ற ஆசிரியை என்று பலர் வருவார்கள். 2026-இல் பொங்கல் வியாழக்கிழமை வந்ததால், புதன்கிழமை போகியில் தொடங்கி ஞாயிறுவரை ஐந்து நாள்கள் சேர்ந்தாற்போல் கிடைத்தன. அதற்கு மறுநாள், ஜனவரி 19 அன்று காலையில், இருபத்தொன்பது வயதுப் பெண் ஒருவர் தன் தாயோடு வந்தார். அவர் ஒரு சொல்கூடப் பேசவில்லை; கைப்பேசித் திரையில் தட்டச்சு செய்து என் முன் நீட்டினார். "குரல் சுத்தமா போயிடுச்சு மேடம். வர்ற ஞாயிறு ஷோ இருக்கு" என்று அதில் இருந்தது. தாய்தான் மீதியைச் சொன்னார்: "நேத்து ராத்திரி கத்திட்டு இருக்கும்போதே பட்டுனு போச்சாம் மேடம். பால்ல மிளகும் மஞ்சளும் போட்டுக் குடுத்தேன், ஒண்ணும் கேக்கல."

அவருடைய அனுமதியோடும், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும்தான் இதை எழுதுகிறேன்.

அவர் பகலில் மென்பொருள் நிறுவனமொன்றில் வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலையில் இருப்பவர். வார இறுதிகளில் ஐந்து பேர் கொண்ட குழுவோடு இம்ப்ராவ் நகைச்சுவை நிகழ்த்துபவர். இம்ப்ராவ் என்பது எழுதிய வசனமோ ஒத்திகை பார்த்த காட்சியோ இல்லாமல், பார்வையாளர் தரும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அந்தக் கணத்திலேயே காட்சியைக் கட்டி எழுப்பும் கலை. வயோலா ஸ்போலின் சிகாகோவில் குடியேறிகளின் பிள்ளைகளுக்காக உருவாக்கிய நாடக விளையாட்டுகள் இதற்கு அடித்தளமாயின. அவருடைய மகன் பால் சில்ஸ் மற்ற இருவரோடு சேர்ந்து 1959-இல் அந்நகரில் தொடங்கிய செகண்ட் சிட்டி அரங்கு இதை உலகறியச் செய்தது. நமக்கு இது முற்றிலும் புதியதும் அல்ல. தெருக்கூத்தின் கட்டியங்காரனும், தென்மாவட்டங்களின் ஸ்பெஷல் நாடகத்துப் பபூனும், எதிரில் நிற்பவர் சொன்னதைப் பிடித்து விடிய விடிய இதைத்தான் செய்து வந்திருக்கிறார்கள்.

குரல் மருத்துவத்தின் பக்கம் நின்று பார்த்தால், இந்தக் கலையில் மற்ற மேடைக் கலைகளில் இல்லாத ஓர் ஆபத்து இருக்கிறது. பாடகருக்குத் தாம் தொடவேண்டிய உச்சஸ்தாயி எது என்பது முன்கூட்டியே தெரியும். நாடக நடிகருக்கு அழவேண்டிய காட்சி எத்தனையாவது பக்கத்தில் வருகிறது என்பது தெரியும். இருவரும் அதற்கேற்பக் குரலைச் சேமித்து வைக்க முடியும். இம்ப்ராவ் நடிகருக்கோ அடுத்த நிமிடம் தாம் கைக்குழந்தையா, போலீஸ்காரரா, பேயா என்பதே தெரியாது. எதற்கும் தயாராகக் குரலில் மிச்சம் வைத்துக்கொண்டுதான் அவர் மேடை ஏற வேண்டும்.

எங்கள் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஸ்ட்ரோபோஸ்கோப்பியில் பார்த்தார். ஒளியை விட்டு விட்டுப் பாய்ச்சி, குரல்நாண்களின் அதிர்வை மெதுவாக நடப்பதுபோல் காட்டும் பரிசோதனை அது. வலது நாண் வீங்கி, ஓரம் சிவந்திருந்தது. இடது நாணில் அசைவே குறைவு; அதன் மேற்பரப்புக்கு அடியில் பாதி நீளத்துக்குக் கருஞ்சிவப்பாக இரத்தம் கசிந்து பரவியிருந்தது. கத்தும்போது நுண்ணிய இரத்தக்குழாய் ஒன்று உடைந்திருக்கிறது. தாய் திரையைப் பார்த்துவிட்டு, "இத்தனூண்டு இடமா மேடம்?" என்று கேட்டார். ஆம், பெண்களின் குரல்நாண் ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம்தான்.

அந்தச் சிறு இடம் படும் பாட்டைக் கணக்காகச் சொன்னால்தான் பலருக்கு உறைக்கிறது. பேசும்போது பெண்ணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறையும், ஆணுடையவை நூறு முதல் நூற்றிருபது முறையும் ஒன்றோடொன்று மோதிப் பிரிகின்றன. பேச்சில் மூச்சுக்கான இடைவெளியும், நாண் அதிராத ஒலிகளும் உண்டு என்பதற்காகப் பாதியைக் கழித்துவிட்டாலும், ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஒரு பெண்ணின் நாண்கள் மூன்று இலட்சத்து அறுபதாயிரம் முறை மோதுகின்றன. குரலை உயர்த்தினால் எண்ணிக்கையும் கூடும், மோதலின் வேகமும் கூடும். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போவதுபோல, மாதக்கணக்கில் இது தொடர்ந்தால் நாண்களின் நடுப்பகுதியில் காய்ப்பு விழும். அதைத்தான் குரல்நாண் முடிச்சு என்கிறோம். இவருக்கு நேர்ந்ததோ காய்ப்பு அல்ல, ஒரே கத்தலில் ஏற்பட்ட உடைப்பு.

"ஷோவில் போன குரல்" என்றுதான் அவரும் அவருடைய நண்பர்களும் நம்பினார்கள். நான் ஒரு தாளைக் கொடுத்து, புதன்கிழமை விழித்ததிலிருந்து ஞாயிறு இரவுவரை எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு சத்தத்தில் பேசினார் என்று எழுதச் சொன்னேன். பேச முடியாதவர் என்பதால் நிறையவே எழுதினார். புதன்கிழமை விடிகாலை தெருவில் போகி நெருப்பு. அதன் பிறகு அலுவலக அழைப்பில் இரண்டு மணி நேரம். மாலையில் பெங்களூரிலிருந்து வந்த தோழிகளோடு மொட்டைமாடியில் நள்ளிரவுவரை. வியாழக்கிழமை "பொங்கலோ பொங்கல்", உறவினர் வருகை, மாலையில் குழுவின் பயிற்சி. வெள்ளிக்கிழமை பகலில் குடியிருப்பு விழாவில் மூன்று மணி நேரம் தொகுப்பாளர் வேலை, இரவில் முதல் ஷோ. சனிக்கிழமை காணும் பொங்கலுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்ப் பயணம், பாட்டு அலற, கண்ணாடிகள் இறக்கியபடி. இரவில் ஷோ, ஒரு மணிக்குப் பிரியாணி, இரண்டு மணிக்குத் தூக்கம். ஞாயிறு மாலை மூன்றாவது ஷோ. அதில் பார்வையாளர் கொடுத்த சொல் "ஆடு". திருவிழாக் கூட்டத்தில் ஆட்டைத் தொலைத்த கிழவியாக மாறி, அதன் பெயரைச் சொல்லிக் கூவியபோது குரல் அறுந்தது. அரங்கம் அதையும் நடிப்பென்று நினைத்துச் சிரித்ததாம்.

கூட்டிப் பார்த்தோம். மூன்று ஷோக்களும் சேர்ந்து மூன்றரை மணி நேரம். அதிலும் ஐந்து பேர் பங்கிட்டுக்கொண்ட பேச்சு. மேடைக்கு வெளியே, அவரே எழுதியபடி, பத்தொன்பது மணி நேரம். கையிருப்பை நண்பர்களிடத்திலும் காரிலும் குடியிருப்பு விழாவிலும் செலவழித்துவிட்டு, கடைசிக் காசை மேடையில் தேடியிருக்கிறார். என்னிடம் வரும் மேடைக் கலைஞர்களில் பெரும்பாலானோரின் கதை இதுதான்.

இரைச்சலுக்கு நடுவே பேசுவதுதான் இதில் மிகவும் கேடானது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாம் அறியாமலேயே குரலை உயர்த்துகிறோம் என்பதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இலேயே எழுதினார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. ஓடும் காரில் பாட்டை மிஞ்சிப் பேசும்போது நாம் கத்துவதாகவே நமக்குத் தோன்றாது. கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் நின்றபிறகும் சிலர் அதே உரப்பில் பேசிக்கொண்டிருப்பார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். போகிப் புகை வேறு. பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிக்க வேண்டாம் என்று மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொண்டாலும், அன்று காலைச் சென்னைக் காற்று குரல்நாணுக்கு உகந்ததாக இருப்பதில்லை. நள்ளிரவுப் பிரியாணியோடு படுத்தால் வயிற்று அமிலம் மேலேறிக் குரல்வளைவரை வந்து வீக்கத்தைக் கூட்டும். உணவுக்கும் படுக்கைக்கும் குறைந்தது இரண்டு, மூன்று மணி நேரம் இடைவெளி வேண்டும்.

தாளில் எழுத மறந்த ஒன்றை நான் கேட்டுத்தான் அறிந்தேன். ஞாயிறு மதியம் தலைவலிக்குத் தோழி ஒருத்தி கொடுத்த மாத்திரையை விழுங்கியிருக்கிறார்; அட்டையைப் பார்த்தால் அதில் ஆஸ்பிரின் இருந்தது. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும். ஐபுப்ரோஃபெனும் ஓரளவு அப்படித்தான். குரலை முறுக்கிப் பயன்படுத்தும் நாளில் இவற்றைத் தாமாக எடுத்துக்கொள்வது நல்லதல்ல. மருத்துவரைக் கேட்டு மாற்று மாத்திரை பெறலாம். இதயநோய்க்காக மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆஸ்பிரினை இதைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிட வேண்டாம்.

அவருடைய அடுத்த கேள்வி நான் எதிர்பார்த்ததே: "ஸ்டீராய்டு ஊசி போட்டா ஞாயிறு ஷோ பண்ணலாமாமே?" வீக்கத்தை விரைவாக வற்றச் செய்யும் மருந்து அது, சில வேளைகளில் மருத்துவர்கள் கொடுப்பதும் உண்டு. ஆனால் உள்ளே பார்க்காமல் போட்டுக்கொண்டு, வீக்கம் வற்றிய தைரியத்தில், இரத்தம் கசிந்த நாணை வைத்துக்கொண்டு மேடை ஏறினால், அந்த இடத்தில் தழும்போ, பாலிப் எனப்படும் சிறு சதைவளர்ச்சியோ உண்டாகி, குரல் பழைய நிலைக்குத் திரும்பாமலே போகலாம். முழுமையான மௌனம் ஒரு வாரம். மறுபரிசோதனை 27-ஆம் தேதி செவ்வாய்க்கிழமை. குடியரசு தின விடுமுறையை ஒட்டிய அந்த ஞாயிறு ஷோ கிடையாது என்று முடிவாயிற்று. கண்ணீர் வந்தது. எனக்கும் சொல்லப் பிடிக்கவில்லைதான்.

மௌனம் என்றதும் பலர் கிசுகிசுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். கிசுகிசுப்பு ஓய்வாகாது, பலருக்கு அது தொண்டைத் தசைகளைக் கூடுதலாக இறுக்குகிறது. அடிக்கடி கனைப்பதும் நாண்களை ஒன்றோடொன்று அறைவதே. கனைக்கத் தோன்றினால் ஒரு வாய் தண்ணீர் விழுங்கலாம். மிளகுப் பாலையும் சுக்குக் காபியையும் நான் தடுப்பதில்லை. தொண்டைக்கு இதமாக இருக்கும். ஆனால் விழுங்கும்போது குரல்வளை மூடிக்கொள்வதால், குடிக்கும் எதுவும் குரல்நாணைத் தொடுவதே இல்லை என்பதை அந்தத் தாயிடம் சொன்னேன். "அப்ப எங்க பாட்டி காலத்துலேர்ந்து குடுத்ததெல்லாம்?" என்று சற்றுக் கோபமாகவே கேட்டார். ஆவி பிடித்தால் நாணைத் தொடும்; தண்ணீரோ உடலில் கலந்து சுற்றி வந்துதான் நாணின் சவ்வை நனைக்கும். எனவே ஏழு மணி ஷோவுக்கு ஆறே முக்காலுக்குப் பாட்டிலைக் காலி செய்வதில் பயனில்லை. காலையிலிருந்தே குடித்துவர வேண்டும். அதிமதுரம் மெல்லும் பழக்கமுள்ளவர்கள் அளவோடு இருக்க வேண்டும். மிகுந்தால் இரத்த அழுத்தம் ஏறும்.

மௌன வாரம் முடிந்தபின் செய்யவேண்டியதை அன்றே அவருக்குக் காட்டினேன். டம்ளரில் பாதித் தண்ணீர் எடுத்து, அதில் உறிஞ்சுகுழலை இரண்டு விரற்கடை ஆழம் அமிழ்த்தி, உதடுகளை இறுக்கமில்லாமல் மூடி, "ஊ" என்று ஊதியபடி குமிழிகளை எழுப்ப வேண்டும். குமிழி ஒரே சீராக வந்தால் மூச்சும் குரலும் ஒத்துப்போகின்றன என்று பொருள். வெடித்து வெடித்து வந்தால் தொண்டை இறுகியிருக்கிறது. குழாயின் எதிர்ப்பழுத்தம் நாண்களைச் சற்று விலக்கித் தாங்குவதால் அவை அறைந்துகொள்ளாமல் மெதுவாக அதிர்கின்றன. மேடைக்கு முன்பும் பின்பும் ஐந்தைந்து நிமிடம் போதும். நான் செய்து காட்டியபோது மேசையெல்லாம் தண்ணீர் தெறித்தது.

இம்ப்ராவ் குழுக்களுக்கு இரண்டைக் குறிப்பாகச் சொல்வேன். ஐம்பது பேர் அமரும் காபிக்கடை அரங்கு சிறியதுதானே என்று மைக் இல்லாமல் ஆடுகிறார்கள்; குளிர்சாதன இரைச்சலும் காபி அரைக்கும் இயந்திரமும் சேர்ந்து தொண்டையைப் பிழிந்துவிடும். கை வீசி ஆடுபவர்களுக்குக் கைமைக் ஒத்துவராது; காதில் மாட்டும் மைக்குக்குச் செலவழித்தே ஆக வேண்டும். அடுத்து, பாத்திரத்தைத் தொண்டையில் செய்யாதீர்கள். கரகரப்பும் கீச்சும் இல்லாமலே ஆள் மாறலாம். நடையையும் வேகத்தையும் வட்டார வழக்கையும் மாற்றினால் போதும். "ஏலே, எங்க போற" என்றவர் அடுத்த கணம் "ஏனுங், எங்கீங் போறீங்" என்று திரும்பினால் பார்வையாளருக்கு வேறோர் ஆள் தெரிகிறார். நாணுக்கோ ஒரு சேதமும் இல்லை.

கத்தும்போது சட்டென்று குரல் போனாலோ, எச்சிலில் இரத்தம் கண்டாலோ, மூச்சு விடும்போது சத்தம் வந்தாலோ, விழுங்குவது கடினமானாலோ உடனே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். காரணம் தெரியாத கரகரப்பு மூன்று, நான்கு வாரம் நீடித்தாலும் குரல்வளையைப் பார்த்தே ஆக வேண்டும். புகையும் புகையிலையும் பழக்கமுள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

குடியரசு தின விடுமுறை ஞாயிறு அன்று அவர் அரங்குக்குப் போயிருக்கிறார். கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து, பார்வையாளர்களிடம் துண்டுச்சீட்டுகளில் சொற்களை எழுதி வாங்கிக் குழுவிடம் கொடுத்தாராம். "இன்று எனக்கு வசனம் கிடையாது, உங்கள் சொல்லை எழுதித் தாருங்கள்" என்று அட்டையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை பரிசோதனையில் கருஞ்சிவப்பு வெளுத்து மஞ்சள் படர்ந்திருந்தது. நாண் அசையத் தொடங்கியிருந்தது. உதடுகளை மூடி மெதுவாக "ம்" என்று ஒலிக்கச் சொன்னேன். ஒலித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்: ஏப்ரலில் வரும் சித்திரைப் புத்தாண்டு வாரத்தின் ஏழு நாள்களும் அதில் கட்டம் போடப்பட்டு, ஷோவுக்கு முந்தைய நாள்கள் இரண்டும் காலியாக விடப்பட்டிருந்தன.