மழையைக் குடித்துக் காயும் சுவர்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் வூல்ஸ்தோர்ப் மேனர் என்றொரு வீடு இருக்கிறது. 'மேனர்' என்றதும் மாளிகையைக் கற்பனை செய்ய வேண்டாம். ஆடு வளர்த்துப் பிழைத்த குடும்பத்தின் 17ஆம் நூற்றாண்டுக் கல்வீடுதான். ஐசக் நியூட்டன் பிறந்தது இங்கேதான். 2017இல், கணப்படுப்பை ஒட்டிய சுவரில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு காற்றாலைக் கீறலைக் கண்டுபிடித்தார்கள். பல கோணங்களிலிருந்து ஒளி பாய்ச்சிப் படமெடுத்தபோது தெரிந்தது. சிறுவன் நியூட்டன் கிறுக்கியதாக இருக்கலாம் என்கிறார்கள்.

எனக்கென்னவோ கிறுக்கலைவிட அதை ஏற்ற சுவர்தான் சுவாரசியம். சிறுவன் கைக்கு இணங்கும் அந்த மென்மைதான் இத்தகைய வீடுகளின் உயிர்நாடி.

அந்த வட்டாரத்துச் சுண்ணக்கல் சுமார் 17 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமற்ற கடலில் படிந்தது. உற்றுப் பார்த்தால் மீன்முட்டை போல உருண்டைத் துகள்கள் தெரியும். பழைய பண்ணை வீடுகளில் இந்தக் கல்லை உள்முகம், வெளிமுகம் என இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவே உடைகல்லும் சாந்தும் கொட்டி நிரப்புவார்கள். வரிசைகள் பிரிந்துவிடாமல் இடையிடையே ஒரு நீளக்கல் குறுக்கே ஓடும். கனம் பெரும்பாலும் அரை மீட்டருக்கு மேல். தரையின் ஓதம் ஏறாமல் தடுக்க அடியில் எதுவும் கிடையாது.

அப்படியானால் ஈரம் எங்கே போகிறது? சாந்து வழியாக வெளியேறுகிறது. சுண்ணக்கல்லைக் காளவாயில் ஏறத்தாழ 900 டிகிரியில் சுட்டால் கரியமில வாயு கழன்று சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். நீர் விட்டு நீற்றி, மணல் கலந்து பூசினால், காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல வாங்கி மறுபடி சுண்ணக்கல்லாகிறது. ஆனால் நுண்துளை நிறைந்த, மெத்தென்ற கல். மழையில் சுவர் நனையும். வெயிலும் காற்றும் வந்ததும் கல்லிடுக்குச் சாந்து ஈரத்தை இழுத்து ஆவியாக்கிவிடும். தேய்வதும் உதிர்வதும் சாந்துதான். சில பத்தாண்டுகளுக்கு ஒருமுறை புதிதாக அடைத்தால் போதும்.

பிற்காலத்தில் 'உறுதியாக இருக்கட்டும்' என்று இடுக்கில் சிமென்ட் வைத்தவர்கள் வினையை விலைக்கு வாங்கினார்கள். வழி அடைபட்ட நீர் கல்லுக்குள்ளேயே தங்கும். உறையும்போது அதன் பருமன் 9 சதவீதம் கூடும். சிமென்ட் அசையாது, கல்லின் முகம்தான் செதில் செதிலாகப் பெயரும்.

வேடிக்கை என்னவென்றால், சுவருக்கு எமனான இதே உறைபனிதான் கூரைக்குக் கூலியாள். பக்கத்து நார்தாம்ப்டன்ஷயரின் காலிவெஸ்டன் ஊரில் குளிர்காலத்தில் சுண்ணக்கல் பாளங்களை வெட்டியெடுத்து, வெட்டவெளியில் பரப்பி, காயாமல் நீர் ஊற்றி வைப்பார்கள். படிவுகளுக்கு இடையே நீர் உறைந்து பிளக்க, லேசாகத் தட்டினாலே ஓடுகள் பிரிந்து வரும். கூரையில் பெரியவை இறவாரத்தில், சிறியவை முகட்டில். இப்போதெல்லாம் குளிர்காலம் அவ்வளவு நம்பகமாக உறைவதில்லை. பாளங்களை உறைபெட்டியில் வைத்துப் பிளக்கிறார்கள்.