ஆடிக் கூழும் ஜூலைக் காய்ச்சலும்

"நாங்க பன்றிக்கறி தொடறதே இல்லையே டாக்டர், எங்களுக்குப் பன்றிக் காய்ச்சல் எப்படி வரும்?" தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துக் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இது. எல்லாம் பெயர் செய்த வேலை. பன்றிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் எச்1என்1, இறைச்சி வழியாக வருவதில்லை. இருமுகிறவரிடமிருந்து பக்கத்தில் நிற்பவருக்குப் போகிறது. பன்றி, பறவை, மனிதர் ஆகிய மூன்றின் ஃப்ளூ வைரஸ் மரபணுக்களும் கலந்து உருவானது என்பதால்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2009-இல் எகிப்து அரசு ஏறக்குறைய 3 லட்சம் பன்றிகளைக் கொல்ல உத்தரவிட்டது. மனிதரிடையே பரவிய தொற்று அதனால் நிற்கவில்லை.

தமிழில் இன்னொரு குழப்பமும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பண்ணைகளில் அவ்வப்போது பன்றிகளைக் கொல்லும் 'ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்' முற்றிலும் வேறு வைரஸ். மனிதரை அது தொற்றாது. பண்ணைச் செய்தி வாட்ஸ்அப்பில் வந்ததும் பதறவும் வேண்டாம், "அது பன்றிக்குத்தான்" என்று எச்1என்1-ஐ அலட்சியம் செய்யவும் வேண்டாம்.

2009-இல் இந்த நாட்டில் ஆய்வகம் உறுதிசெய்த நோயாளிகள் மட்டும் 12,640 பேர். இறந்தவர்கள் 93 பேர். அந்த இறப்புகளில் கர்ப்பிணிகளும் எச்ஐவி உள்ளவர்களும் பெரும்பங்கு. சோதனைக்கு வந்த கூட்டம் ஆய்வகங்களைத் திணறடித்தது. இலேசான காய்ச்சலுக்கு எல்லோரும் சோதனை கேட்டால், மூச்சுத் திணறிக் கிடப்பவரின் மாதிரி வரிசையில் காத்திருக்கும். நலமாக இருந்தவருக்கு வரும் சாதாரண ஃப்ளூவுக்குச் சோதனை தேவையில்லை, வீடும் ஓய்வும் போதும் என்று இன்றும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கர்ப்பிணிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. குழந்தை வளர வளர நுரையீரல் விரிய இடம் குறைகிறது. நோய் எதிர்ப்பும் மாறுகிறது. காய்ச்சலும் இருமலும் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் ஃப்ளூ வைரஸுக்கான மருந்தான ஒசெல்டாமிவிர் (75 மி.கி., காலை ஒன்று, இரவு ஒன்று, 5 நாள்) தொடங்குவதில்தான் பலன் அதிகம். சோதனை முடிவுக்காகக் காத்திருக்கக் கூடாது. விரைவுச் சோதனையில் 'இல்லை' என்று வந்தாலும் நம்பிவிட முடியாது. நோய் உள்ளவர்களிலேயே கணிசமானோரை அது தவறவிடும். "மாசமா இருக்கேன், மாத்திரை வேண்டாம்" என்று மூன்று நாள் கஷாயத்தோடு பொறுத்திருந்து நான்காம் நாள் ஆக்ஸிஜனுக்கு வருவதுதான் நாங்கள் அஞ்சும் நிலைமை.

தடுப்பூசி விஷயத்தில் காலண்டர்தான் முக்கியம். நமக்குக் குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். எனவே ஏப்ரல், மே மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும்; தவறினால் ஜூனிலும் போடலாம், போடாமல் விடுவதைவிட அது மேல். எச்1என்1 ஆண்டுதோறும் வரும் ஃப்ளூ ஊசியிலேயே அடக்கம், தனி ஊசி தேட வேண்டாம். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு ஊசி கிடையாது. தாய்க்குப் போட்டதுதான் அதற்கும் காப்பு. ஒன்பது வயதுக்குள் முதன்முறை போடும் பிள்ளைக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. "ஊசி போட்டதும் ஃப்ளூ வந்தது" என்பார்கள். ஊசியில் இருப்பது உயிரற்ற வைரஸ், அதனால் ஃப்ளூ வராது; கை வலியும் ஒரு நாள் உடம்பு வலியும் வரலாம்.

அடுத்தது ஆடி. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்கள் ஜூலை, ஆகஸ்டில் வருகின்றன, அதாவது ஃப்ளூ பரவும் குளிர்காலத்தில். கூழை நிறுத்தச் சொல்லவில்லை. காய்ச்சலோ இருமலோ உள்ளவர் அண்டா பக்கம் நிற்கக் கூடாது, அவர் பிரார்த்தனை எவ்வளவு பெரியதானாலும் சரி. ஒரே ஆள், ஒரே கரண்டி. வரிசையில் வருபவர் கரண்டியைத் தொட வேண்டாம். ஒரே சொம்பு வாயிலிருந்து வாய்க்குப் போகக் கூடாது, ஆளுக்கொரு கப். ஷாமியானாவின் பக்கத்துணிகளைக் குளிருக்காக மூடிவிடுவார்கள், ஒரு பக்கமாவது திறந்திருக்கட்டும். நோய்க்கு முந்திய நாளிலிருந்தே ஒருவர் பரப்பத் தொடங்கிவிடுகிறார். எனவே நலமாகத் தெரிபவரும் கை கழுவ வேண்டும், சோப்போடு 20 விநாடி.

வேப்பிலை என்று இங்கே கட்டுவது பெரும்பாலும் சிரிங்கா, அதாவது மலைவேம்பு. தோரணத்துக்கு ஏற்றது, குடிக்க ஆகாது. அதன் காயும் பழமும் நஞ்சு. இலையைக் கொதிக்கவைத்துக் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள்.

வீட்டில் பனாடோ என்ற பாராசிட்டமால் மாத்திரை பெரியவருக்கு ஒரு வேளைக்கு இரண்டு மாத்திரை, ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் வேண்டாம். எலுமிச்சைச் சுவையில் வெந்நீரில் கலக்கும் சளிப் பொடிகளில் பெரும்பாலும் அதே பாராசிட்டமால் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் குடித்து அளவைத் தாண்டுவோர் உண்டு; பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். கடையில் விற்கும் தலைவலிப் பொடிகள் சிலவற்றில் ஆஸ்பிரின் உண்டு. ஃப்ளூ வந்த பிள்ளைக்கு அதைக் கொடுத்தால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய் வரக்கூடும். சர்க்கரை நோயாளிகள் சாப்பிட முடியவில்லை என்று தாமாக இன்சுலினை நிறுத்த வேண்டாம். காய்ச்சலில் சர்க்கரை ஏறும், அடிக்கடி பார்த்துக் கிளினிக்கில் கேளுங்கள். மாத்திரையில்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆகும்வரை பள்ளி, வேலை, கோயில் எதுவும் வேண்டாம்.

காய்ச்சல் இறங்கி ஓரிரு நாள் கழித்து இருமலோடு மறுபடி ஏறினால் அது நிமோனியாவாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். குழந்தைக்கு மூச்சை எண்ணிப் பாருங்கள். அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து, வயிறு எழுந்து அடங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பது தப்பாகும். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலோ மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே உள்ளே குழிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் இரவிலேயே ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.