கரையான் இல்லாத ஊரில் உத்தரத்தைத் தின்பது எது?

பிரிட்டனில் கரையான் கிட்டத்தட்ட இல்லை. அப்படியிருந்தும் அங்கே பழைய மாளிகைகளின் மரவேலை ஏன் உளுத்துப் போகிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். பதிலுக்கு வட வேல்ஸின் லான்கெர்னியு கிராமத்தருகே இருக்கும் ஹாவொடினோஸ் மாளிகையை எடுத்துக்கொள்வோம்.

1861இல் தொடங்கி 1866இல் முடிந்த, கோதிக் பாணிச் செங்கல் வீடு அது. வரைந்தவர் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட். லண்டன் செயின்ட் பான்க்ரஸ் ரயில் நிலைய ஓட்டலும், இந்தியாவுக்கே வராமல் வரைந்தனுப்பிய மும்பைப் பல்கலைக்கழக ராஜாபாய் கோபுரமும் இவருடையவைதான். கட்டச் சொன்னவர் லிவர்பூல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி ராபர்ட்சன் சாண்ட்பாக். குடும்பத்தின் செல்வம் தென் அமெரிக்காவின் டெமராராவில் (இன்றைய கயானா) கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் உழைத்துச் சேர்ந்தது. அடிமை முறை ஒழிந்த பிறகு கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டதும் அந்தக் காலனிக்குத்தான். வீடு பின்னாளில் பெண்கள் பள்ளியாக, கணக்கியல் கல்லூரியாக, முதியோர் இல்லமாக மாறியது. 1993இல் மரம் அழுகிப்போனதால் மூடப்பட்டது. 2004இல் யாரோ வைத்த தீ மீதியில் பெரும்பகுதியைத் தின்றது.

அழுகலுக்குக் காரணம் செர்புலா லாக்ரிமன்ஸ் என்ற பூஞ்சை. ஆங்கிலேயர்கள் இதை ‘டிரை ராட்’, அதாவது உலர் அழுகல் என்பார்கள். பெயரை நம்ப வேண்டாம். காய்ந்த மரத்தில் இதன் வித்து முளைக்காது. மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்ட வேண்டும், 30 வந்தால் கொண்டாட்டம். அந்த ஈரத்துக்கு வழி செய்வது கோதிக் கூரையின் அழகேதான். கூரைகள் பல, அவை சந்திக்கும் கூடல்வாய்களும் பல. கைப்பிடிச்சுவருக்குப் பின்னால் ஈயத்தகடு விரித்த, மழைநீர் வடியும் நீர்க்காடிகள் கண்ணில் படாமல் ஓடும். ஈயம் வெயிலில் நன்றாக விரியும்: 3 மீட்டர்த் தகடு 40 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 3.5 மில்லிமீட்டர் நீளும். அதனால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு படி வைத்துத் துண்டுகளாக விரிப்பதே முறை. நீளமாக விரித்து ஆணி அடித்தால் சில ஆண்டுகளில் மடிப்பு விழுந்து வெடிக்கும். இலை அடைத்தாலும் இதே கதைதான். நீர் செங்கல் சுவருக்குள் இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் உத்தரத்தின் நுனியைப் போய்த் தொடும். காற்றே படாத அந்த நுனியில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது.

இனி வருவதுதான் சுவாரசியம். மரத்தைச் செரிக்கும் நொதிகள் (என்சைம்கள்) பெரியவை, மரச் செல்சுவரின் நுண்துளைகளில் அவை நுழைய முடியாது. ஆகவே பூஞ்சை முதலில் சின்ன மூலக்கூறுகளை அனுப்புகிறது. ஆக்சாலிக் அமிலம் இரும்பு அயனிகளைப் பிடித்து மரத்துக்குள் கொண்டு போகும். அங்கே இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து ஹைட்ராக்சில் தனி உறுப்பை (ராடிக்கல்) உண்டாக்கும். வேதியியலில் ஃபென்டன் வினை என்பது இதுதான்! அந்தத் தனி உறுப்பு, மரத்தின் முக்கியப் பொருளான செல்லுலோஸின் சங்கிலியைக் கண்ட இடத்தில் அறுக்கும். சர்க்கரையாகப் பிரிப்பது அதற்குப் பிறகுதான். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைவதற்குள் வலிமையில் பெரும்பகுதி போய்விடுவது இதனால்தான். பார்வைக்கு உத்தரம் முழுசாக இருக்கும், பாரம் ஏறினால் முறியும். மரத்துக்கு விறைப்புத் தரும் லிக்னின் மட்டும் பழுப்பாக மிஞ்சி, காயும்போது துண்டு போட்ட பர்ஃபி மாதிரி கட்டம் கட்டமாக வெடிக்கும்.

ஆக்சாலிக் அமிலம் அளவுக்கு மீறினால் பூஞ்சைக்கே ஆபத்து. அதற்கும் வழி வைத்திருக்கிறது: சுண்ணாம்புக் காரையிலிருந்து கால்சியத்தை எடுத்து, அமிலத்தைக் கால்சியம் ஆக்சலேட் படிகமாகக் கட்டிவிடும். மரமும் சுண்ணாம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் விக்டோரியா வீட்டைவிட நல்ல இடம் அதற்கு வாய்க்காது.

அடுத்தது அதன் குழாய் வேலை. பல இழைகள் சேர்ந்து சில மில்லிமீட்டர் தடிமனுள்ள கயிறாகின்றன. தின்னும் முனையில் ட்ரெஹலோஸ் என்ற சர்க்கரை சேர, சவ்வூடுபரவலால் நீர் உள்ளே புகும், அழுத்தம் ஏறும். அந்த அழுத்தமே உணவையும் நீரையும் செங்கல் சுவர் தாண்டி, வளரும் முனைக்குத் தள்ளுகிறது. மிஞ்சிய நீர் அங்கே துளித்துளியாகக் கசியும்.

செரிமானத்திலும் நீர் பிறக்கும். ஒரு கிலோ செல்லுலோஸ் முழுதாக எரிந்தால் சுமார் 550 கிராம் நீர் வரும். சமன்பாட்டை எழுதி நீங்களே சரிபார்க்கலாம். இதை வைத்துத்தான் ‘தனக்கு வேண்டிய தண்ணீரைத் தானே செய்துகொள்ளும், மருந்தடிக்காமல் நிற்காது’ என்ற மூடநம்பிக்கை வளர்ந்தது. மருந்து விற்பவர்களுக்கு அது வசதி. காற்றோட்டம் இருந்தால் அந்த நீர் ஆவியாகிவிடும், பூஞ்சை காய்ந்து ஓயும். 40 டிகிரி சூட்டையே நெடுநேரம் தாங்காத உயிர் இது. டென்மார்க்கில் கட்டடத்தையே சூடாக்கி இதைக் கொல்லும் முறை உண்டு.

இவ்வளவு நாசம் செய்யும் இது, காட்டில் தானாக வளர்வது அபூர்வம். அப்படிக் கிடைத்த சில இடங்களில் இமயமலையும் ஒன்று. 2011இல் இதன் மரபணுத்தொகுதி ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. கட்டுரையின் முதல் ஆசிரியர் வேல்ஸின் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர். பயிர்நோய்க்குக் கிடைக்கும் பணத்தில் ஒரு துளியாவது இப்படிப்பட்ட ஆராய்ச்சிக்கு ஒதுக்கினால் என்ன என்பது என் கேள்வி. வீடும் சோற்றைப் போல அவசியம்தானே?

பழுது பார்க்கும்போது முதல் வேலை காடியும் கூடல்வாயும், மரம் பிறகு. அழுகல் தெரியும் இடத்துக்கு அப்பால் குறைந்தது 300 மில்லிமீட்டர் வெட்டி எடுத்து, புது உத்தர நுனியைச் சுவருக்குள் செருகாமல் துருப்பிடிக்காத எஃகுத் தாங்கியில் உட்கார வைக்க வேண்டும். அவசரப்படுகிறவர்கள் தோற்பது சுவரில்தான். நனைந்த சுவர் மாதத்துக்கு 25 மில்லிமீட்டர் தடிமன்தான் உலரும் என்பது கட்டடக்காரர்களின் கணக்கு. 450 மில்லிமீட்டர்ச் சுவருக்கு ஒன்றரை வருடம். அதற்குள் சிமென்ட் பூசி, மேலே மரப்பலகை அடித்து மூடினால், பலகைக்குப் பின்னால் ஈரம் மறுபடியும் 20 சதவீதத்தைத் தாண்டும்.