சீரியலைசேஷன்: தொடராக்கமா, வரிசையாக்கமா?

‘தேதிகளின் வரிசையாக்கத்தை வேகப்படுத்துவது எப்படி?’ என்று ஒரு தலைப்பு கண்ணில் பட்டால் என்ன நினைப்பீர்கள்? பழைய தேதி மேலே, புதியது கீழே என்று அடுக்குவதைப் பற்றித்தானே? உள்ளே போனால் கதையே வேறு. செயலி தன் தரவைச் சேமிக்கும்போது தேதியை எழுத்தாக மாற்றும் வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள். சீரியலைசேஷனுக்கு இந்தச் சொல்லை இன்னும் எத்தனை நாள்தான் சகித்துக்கொள்வது!

நினைவகத்தில் அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவை, கோப்பில் எழுதவோ வலைவழி அனுப்பவோ தோதாக ஒரே சரமாக்குவதுதான் சீரியலைசேஷன். லத்தீனில் ‘செரெரே’ என்றால் தொடுத்தல், கோத்தல். அதில் பிறந்தது ‘சீரீஸ்’, அதன் வழி ‘சீரியல்’. தொடுப்பதால் வருவது தொடர், ஆகவே தொடராக்கம். அவ்வளவுதான்.

‘வரிசைப்படுத்தல் என்பது சார்ட்டிங், அதாவது முறைப்படி அடுக்குவது; வரிசையாக்கம் என்பது சீரியலைசேஷன், இரண்டும் வேறுதானே’ என்பார்கள் ‘வரிசையாக்கம்’ கட்சிக்காரர்கள். நவீனப்படுத்தலுக்கும் நவீனமாக்கலுக்கும் வாசகர் என்ன வித்தியாசம் காண்கிறார்? ஒரு விகுதியை மாற்றிவிட்டு, அதற்குள் தனிப்பொருள் ஒளிந்திருப்பதாகச் சொன்னால் யாருக்குத் தெரியும்? அதுவும் தேதி விஷயத்தில் குழப்பம் இரட்டிப்பாகும். தேதி எழுதுவதற்கான பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 8601 முறையில் 2024-03-09 என ஒரே அமைப்பில் சேமித்த தேதிகளை அகரவரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை வந்துவிடும். இதை அவர்கள் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள்: ‘வரிசையாக்கிய தேதிகளை வரிசைப்படுத்தினால் வரிசை சரியாக வரும்.’ நன்றாயிருக்கிறதா?

வேலை தெரியாமல் சொல் மட்டும் தேடினால் இப்படித்தான். பல கணினி அமைப்புகளில் தேதி என்பது உள்ளே வெறும் எண்: 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகள். அதை ஆண்டு, மாதம், நாளாகப் பிரிக்க லீப் ஆண்டு, நேர மண்டலம் எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் நேரத்தை விழுங்குவது பல சமயம் இந்தக் கணக்கு அல்ல. ஒவ்வொரு பதிவுக்கும் புதிதாக ஒரு ஃபார்மேட்டரை, அதாவது தேதியை எழுத்தாக்கித் தரும் நிரல் கருவியை, உருவாக்குவதுதான். (அதை ‘வடிவமைப்பான்’ என்று ஆக்கி, டிசைன் செய்பவரோ என்று திகைக்கவைப்பவர்களும் உண்டு.) ஒன்றை உருவாக்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பயன்படுத்தினாலே வேகம் கூடும். அப்புறம் ஒரு எச்சரிக்கை: ஜாவா நிரல்மொழியின் பழைய ஃபார்மேட்டரான சிம்பிள்டேட்ஃபார்மேட்டைப் பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் தேதி தப்பாக வரலாம். ஜாவா 8-இல் வந்த டேட்டைம்ஃபார்மேட்டருக்கு அந்தத் தொல்லை இல்லை.

தொடராக்கம் என்றால் ‘தொடர்ந்து செய்வது’ போல ஒலிக்கிறது என்பது ஓரளவு நியாயமான ஆட்சேபம். ஆனாலும் தொடர்கதை, தொடர்வண்டி எல்லாம் நமக்குப் புரிகின்றனவே.

சரி, அந்தச் சரத்தை மறுபடி பழைய தரவாக்கும் டீசீரியலைசேஷன்? ‘வரிசைநீக்கம்’ என்றால் க்யூவிலிருந்து யாரையோ விரட்டியது போலிருக்கிறது. தொடர் பிரித்தல் போதும். இடம் விட்டே எழுதுங்கள். சேர்த்தெழுதினால் ‘தொடர்பு’ கண்ணில் படும்.