முகமே சொன்னாலும் குரோமோசோம் ரிப்போர்ட் வேண்டும்

"முகத்தைப் பார்த்தாலே தெரியுதுங்களே, அப்புறம் எதுக்கு ஆயிரக்கணக்குல செலவு?" டவுன் சிண்ட்ரோம் (குரோமோசோம் கூடுதலால் பிறவியிலேயே வளர்ச்சி தாமதமாகும் நிலை) உள்ள குழந்தையைத் தூக்கிவரும் குடும்பம் திருவாரூரானாலும் மயிலாடுதுறையானாலும் இதைக் கேட்காமல் இருப்பதில்லை. நியாயமான கேள்விதான். குழந்தைக்கு என்ன என்பதை முகத்தையும் உள்ளங்கையையும் பார்த்தே டாக்டர் பெரும்பாலும் சொல்லிவிடுவார். முகம் சொல்லாத ஒன்று இருக்கிறது: அடுத்த குழந்தையின் கதை. குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப்பிங் டெஸ்ட் முக்கியமாக அதற்குத்தான்.

நம் உடல் செல்களில் மரபுக் குணங்களைச் சுமக்கும் இழைகளான குரோமோசோம்கள் 46. தாய் பங்கு 23, தகப்பன் பங்கு 23. களத்தில் நெல்லைப் பங்கு வைக்கும்போது ஒரு மூட்டை பக்கம் மாறிப் போவதுண்டல்லவா, அப்படிக் கருமுட்டை உருவாகும் நேரத்தில் 21-ஆம் சோடி பிரியாமல் இரண்டும் ஒரே முட்டைக்குப் போய்விட்டால், குழந்தைக்கு அது மூன்றாகிறது, மொத்தம் 47. டவுன் குழந்தைகள் 100 பேரில் 95 பேர் இந்த வகை. யார் குற்றமும் இல்லை. கிரகணத்தில் வெளியே வந்ததாலும் இல்லை, அத்தை மகனைக் கட்டியதாலும் இல்லை. (சொந்தத்தில் கட்டுவதால் கூடும் மரபு நோய்கள் வேறு.) அடுத்த பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 1, தாய்க்கு நாற்பது வயதை ஒட்டியிருந்தால் வயதுக்குரிய கணக்கே அதற்கு மேல் போகும்.

சிக்கல் மீதமுள்ளவர்களில் 3, 4 பேரிடம். ஒரு மூட்டையின் வாயோடு இன்னொன்றைச் சேர்த்துத் தைத்தால் எண்ணிக்கையில் ஒன்று குறையும், நெல் குறையாது. அப்படி 21-ஆம் குரோமோசோம் 14-ஆமதோடு ஒட்டிக்கொண்ட தாய்க்கோ தகப்பனுக்கோ எண்ணிக்கை 45. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைக்குப் பங்கு போகும்போதுதான் கூடுதலாகிறது. இந்த ஒட்டு தாயிடம் இருந்தால் அடுத்த கர்ப்பத்தில் டவுன் வர 100-க்கு 10 முதல் 15 வரை வாய்ப்பு. தகப்பனிடம் இருந்தால் மிகக் குறைவு. 21-ஓடு 21-ஏ ஒட்டியிருந்தால், பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் டவுன்தான்.

ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. ஒட்டிய இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால், இந்த வகைக் குழந்தையின் ரிப்போர்ட்டில் எண் 46 என்றே இருக்கும். "46, நார்மல்" என்று மடித்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். எண்ணுக்குப் பின்னால் 'ராப்' (rob) அல்லது 'டெர்' (der) என்று மூன்று ஆங்கில எழுத்து இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தாய், தகப்பன் இருவரும் இதே டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். 47 என்றிருந்தால் பொதுவாக வேண்டாம்.

இனி ரத்தக் குழாய். நம் ஊர்ச் சாம்பிள்கள் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். பச்சை மூடி, சோடியம் ஹெப்பாரின் குழாய். 2 முதல் 3 மி.லி. போதும். ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாய் ஆகாது. இந்த டெஸ்டுக்கு வெள்ளணுக்கள் உயிரோடு வந்து, ஏறத்தாழ 72 மணி நேரம் வளர்ந்து பிளக்க வேண்டும். பிளக்கும் நொடியில் நிறுத்தித்தான் குரோமோசோமை எண்ண முடியும். எடுத்தவுடன் குழாயை எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தாவிட்டால் ரத்தம் உறைந்துவிடும். குலுக்கினால் செல் உடையும். ஐஸ் கட்டிமேல் நேராக வைக்கக் கூடாது. சித்திரை வெயிலில் பஸ் டேஷ்போர்டில் வைத்தால் அதைவிட மோசம். வேதாரண்யத்தில் சனிக்கிழமை மாலை எடுத்துவிட்டு ஞாயிறு முழுதும் கூரியர் கிடங்கில் கிடக்கவிடுவதைவிடத் திங்கள் காலையில் எடுப்பது மேல்.

ரிப்போர்ட் வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். அதற்காக இதய எக்கோவைத் தள்ளிப்போடாதீர்கள். டவுன் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். தைராய்டு பரிசோதனை பிறந்ததும், 6 மாதத்தில், ஒரு வயதில், பிறகு ஆண்டுக்கொரு முறை.

முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுதான். மாடிப்படி ஏறியதும் பப்பாளி தின்றதும் அல்ல. கலைந்த அந்தத் திசுவிலும் இந்த டெஸ்ட் செய்யலாம்; ஆனால் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டால் செல் செத்துவிடும், வளர்க்க முடியாது. பாதியைச் சுத்தமான சலைன் பாட்டிலில் தனியாகக் கேட்டு வாங்குங்கள்; குடும்பம் கேட்காவிட்டால் மொத்தமும் பயாப்ஸிக்குப் போய்விடும்.

இன்னொரு வகை, பிள்ளையில்லை என்று மனைவியை மட்டும் கோயில் கோயிலாக அலையவிடும் வீடுகள். ஆண்களில் ஏறத்தாழ 600-க்கு ஒருவருக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதல், கிளைன்ஃபெல்டர் என்பார்கள். விந்தில் பெரும்பாலும் அணுவே இருக்காது, விரை சிறிதாக இருக்கும். தெம்புக்கென்று டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசியைத் தொடங்கிவிட்டால், விரையில் மிச்சமிருக்கும் கொஞ்ச உற்பத்தியும் அடங்கிவிடும். முதலில் டெஸ்ட், பிறகு குழந்தைக்கான வழி, அதன் பிறகே ஊசி.

ஒட்டுக் குரோமோசோமுக்குத் திரும்புவோம். அது தாயிடம் இருந்தால் அவள் தங்கைக்கும் தம்பிக்கும் இருக்கலாம். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைக்கிறார்கள். புரிகிறது. ஆனால் தங்கை உண்டாவதற்கு முன்னாவது அவளிடம் சொல்லுங்கள். வயிற்றிலுள்ள கருவைச் சோதிக்கும் நச்சுக்கொடித் திசு டெஸ்ட் 11-லிருந்து 13 வாரத்துக்குள், பனிக்குட நீர் டெஸ்ட் 16 வாரம் வாக்கில். அவளுக்கு ஒட்டு இருக்கிறதா என்று அறியவே அதற்கு முன் இரண்டு மூன்று வாரம் வேண்டும்.