300 ரூபாய்க்கு மூன்று எதிர்க்கேள்வி

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகளுக்கு மராமத்து பார்ப்பதெல்லாம் அப்போதுதான். தடை முடிய ஒரு வாரம் இருக்கையில் என் மச்சானுடைய படகின் டீசல் இன்ஜின் வெள்ளைப் புகை கக்க ஆரம்பித்தது. வழக்கமாக வரும் மெக்கானிக்குக் கை நிறைய வேலை. மச்சான் புகையை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிடுச்சு என்றார் ஒருவர். டீசலைப் பீய்ச்சும் நாசில் என்றார் இன்னொருவர். டீசலில் தண்ணீர் என்றார் மூன்றாமவர். மூன்றுமே நடக்கக்கூடியவைதான். அதனாலேயே எதை நம்புவது என்று தெரியவில்லை.

கடைசியில் காசு கட்டிக் கேள்வி கேட்கும் ஒரு தளத்தில் 300 ரூபாய் கட்டினார். அங்கே வந்த மெக்கானிக் உடனே பதில் சொல்லவில்லை. "அண்ணே, காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் புகை வருதா, இன்ஜின் சூடான பிறகும் வருதா? கூலிங் டேங்கில் தண்ணி குறையுதா? புகையில் டீசல் வாடை அடிக்குதா?" என்று திருப்பிக் கேட்டார். சூடான பிறகும் வந்தது, தண்ணீர் குறையவில்லை, கண் எரியும் அளவுக்கு டீசல் வாடை. அப்படியென்றால் எரியாத டீசல்தான் புகையாக வருகிறது, ஹெட்டில் கை வைக்காதீர்கள், முதலில் நாசில்களைக் கழற்றிச் சோதியுங்கள் என்றார்.

வாட்ஸ்அப்பிலும் 'நாசில்' என்ற சொல் வந்ததே, பிறகு எதற்குக் காசு? மச்சான் விலை கொடுத்தது அந்தச் சொல்லுக்கு அல்ல. மற்ற இரண்டையும் தள்ளிவிடுவதற்கு. தேவையில்லாமல் ஹெட்டைக் கழற்றியிருந்தால் நாலு நாளும் பல ஆயிரமும் போயிருக்கும். தவிர்க்கப்படும் நஷ்டம்தான் ஒரு பதிலின் மதிப்பு. பொதுவான கேள்விக்கு இலவசப் பதிலே போதும். என் இன்ஜின், என் உடம்பு, என் பத்திரம் என்று வரும்போதுதான் ஒருவர் உட்கார்ந்து நம் விஷயத்தை மட்டும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஆனால் பதிலை விற்பது மீன் விற்பது போல இல்லை. மீனைச் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம். பதிலைப் பார்த்துவிட்டால் அது நமக்குத் தெரிந்துவிடும், அப்புறம் காசு எதற்கு? பார்க்காமல் அதன் மதிப்பும் தெரியாது. பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1962-லேயே இந்த முரணை எழுதிவைத்தார். பதிலைக் காட்ட முடியாததால், பதில் சொல்பவரைக் காட்டித்தான் தளங்கள் விற்கின்றன: அவருடைய அனுபவம், பழைய பதில்கள், நட்சத்திரங்கள்.

2002-இல் தொடங்கிய கூகுள் ஆன்சர்ஸில் கேட்பவரே 2 முதல் 200 டாலர் வரை விலை வைப்பார். அதில் முக்கால் பங்கு பதில் சொல்பவருக்கு. 2006 கடைசியில் அது புதிய கேள்விகளை நிறுத்திக்கொண்டது. அங்கே நடத்தி 2010-இல் வெளியான கள ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. விலையை ஏற்றினால் பதில் நீளமானது, தரம் கூடவில்லை. நல்ல பெயர் எடுத்தவர்கள் சொன்ன பதில்கள்தான் தரமாக இருந்தன. இதற்கு முன் 2008-இல் வந்த இன்னோர் ஆய்வு, கூடுதல் காசுக்கு நல்ல பதில் கிடைப்பதாகச் சொன்னது. ஆக, காசு ஆளை வரவழைக்கும், நேரம் ஒதுக்க வைக்கும். தெரியாததைத் தெரிய வைக்காது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

சீனாவில் 2016-இல் வந்த ஃபென்டா இன்னும் ஒரு படி போனது. காசு கட்டிக் கேட்டால் நிபுணர் 60 நொடிக்குள் குரலில் பதில் சொல்வார். அதே பதிலை வேறு யாரும் 1 யுவான் கட்டி ஒட்டுக்கேட்க முடிந்தது. அந்தக் காசில் கேள்வி கேட்டவருக்கும் பங்கு இருந்தது. நல்ல கேள்விக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நாசில்களைக் கழற்றியதில் இரண்டு பழுது. மாற்றியதும் புகை அடங்கியது. பதில் எப்படி இருந்தது, நட்சத்திரம் போடுங்கள் என்று அந்தத் தளம் தினமும் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. மச்சான் போடவில்லை. தடை முடிந்து கடலுக்குப் போய், மீனோடு காசிமேட்டுக்குத் திரும்பி, படகைக் கட்டிய பிறகுதான் போனை எடுத்து ஐந்தையும் அழுத்தினார்.