நில எடுப்பு: பட்டா இல்லாதவர்களுக்கும் பணம் உண்டு

சாலைக்கோ அணைக்கோ தொழிற்பேட்டைக்கோ நிலம் எடுக்கப் போகிறார்கள் என்றால், ஊரில் பேச்செல்லாம் சென்ட் என்ன விலை என்பதிலேயே நின்றுவிடுகிறது. பட்டா வைத்திருப்பவர் வக்கீலைப் பார்க்கிறார், மனு போடுகிறார். அதே நிலத்தில் களை பறித்தவர், வாய்ப்பேச்சுக் குத்தகையில் உழுதவர், அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருக்கும் கைம்பெண், எழுந்து நடக்க முடியாத முப்பது வயது மகள், இவர்களுக்கெல்லாம் எதுவும் கிடையாது என்று ஊரே நினைத்துக்கொள்கிறது. அவர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தில் இரண்டு வகைப் பணம் இருக்கிறது. ஒன்று நிலத்துக்கான இழப்பீடு. மற்றொன்று மறுவாழ்வு, மறுகுடியமர்வுக்கானது. அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் திட்டத்தில் ஒரு வேலை, அல்லது ஒரே தவணையில் 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை. அதோடு மறுகுடியமர்வுப் படி 50,000 ரூபாய். இடம்பெயர வேண்டியிருந்தால் ஓராண்டுக்கு மாதம் 3,000 ரூபாய், சாமான் ஏற்றிச் செல்ல 50,000 ரூபாய், வீடு போனால் வீடு. மாடு வைத்திருந்தாலோ பெட்டிக்கடை நடத்தினாலோ குறைந்தது 25,000 ரூபாய். “அதான் இழப்பீடு வாங்கியாச்சே, இன்னும் என்ன?” என்று அலுவலகத்தில் கேட்டால் பின்வாங்காதீர்கள். நிலத்துக்கு ஒரு தீர்வாணை (யாருக்கு எவ்வளவு என்று ஆட்சியர் போடும் உத்தரவு), மறுவாழ்வுக்கு இன்னொரு தீர்வாணை. இரண்டும் வேறு.

சிக்கல் ஆரம்பிப்பது கணக்கெடுப்பில். நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் முதல்நிலை அறிவிக்கை வந்த பிறகு வீடு வீடாக வருகிறார்கள். வருகிறவர் வாசலில் நின்றபடியே ரேஷன் அட்டையைக் கேட்பார். அட்டையில் தலைவர் பெயர் யாரோ அவர் பெயரை எழுதிக்கொண்டு, கீழே “ஒரு குடும்பம்” என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த அட்டையின் நான்காவது வரியில் இருக்கும் தங்கை கணவனை இழந்தவர் என்பதை அவர் கேட்பதும் இல்லை, யாரும் சொல்வதும் இல்லை. 5 லட்சம் ரூபாய் உரிமை அந்த இடத்திலேயே போய்விடுகிறது. இப்படிப் போனதைப் பலமுறை பார்த்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பெண்கள் மனுவும் கையுமாக அலைவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டத்தின் 3(எம்) பிரிவைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கைம்பெண், விவாகரத்தானவர், குடும்பத்தால் கைவிடப்பட்ட பெண் ஆகியோர் ஒவ்வொருவரும் தனிக் குடும்பம். அதே பிரிவின் விளக்கக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது. வயதுவந்த ஆணோ பெண்ணோ, துணை இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளைகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தனிக் குடும்பமாகவே கருதப்பட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கென்று இரண்டாம் அட்டவணையில் தனித் தொகை எதுவும் இல்லை. அதனால் அவர்களுக்கு இந்தக் குறிப்புதான் பிடி. படுக்கையில் இருக்கும் மகளுக்கு 18 வயது கடந்திருந்தால் அவரை அப்பாவின் பெயருக்குக் கீழே ஒரு வரியாக எழுத விடாதீர்கள். தனிப் படிவம் கேளுங்கள். “ரேஷன் அட்டை ஒன்றுதானே இருக்கிறது” என்பார்கள். குடும்பம் என்றால் யார் என்பதை இந்தச் சட்டமே வரையறுத்திருக்கிறது, ரேஷன் அட்டையை அது கேட்கவில்லை.

சான்றிதழ்களைக் கணக்கெடுப்புக்கு முன்பே எடுத்து வையுங்கள். கைம்பெண் சான்று, கைவிடப்பட்ட பெண் சான்று இரண்டுக்கும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். மனு கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வாரம், வருவாய் ஆய்வாளரிடம் ஒரு வாரம், வட்டாட்சியர் மேசையில் எத்தனை வாரம் என்று தெரியாமல் கிடக்கும். கைவிடப்பட்ட பெண்ணிடம் “கணவன் கையெழுத்து வாங்கி வா” என்று சொல்லும் கொடுமையும் நடக்கிறது. எங்கே இருக்கிறான் என்றே தெரியாதவனிடம் எப்படிக் கையெழுத்து வாங்குவது? அப்படிக் கேட்டால் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யாரும் முன்வர மாட்டார்கள், மனுவும் நகரும்.

அடுத்தது மூன்று ஆண்டுக் கணக்கு. விவசாயக் கூலி, குத்தகைதாரர், வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுதவர், கைவினைஞர் ஆகியோருக்கு நிலம் இல்லாவிட்டாலும், எடுப்புக்கு முந்தைய மூன்று ஆண்டுகள் அந்தப் பகுதியில் வேலை செய்திருந்து, பிழைப்பு முதன்மையாக அதையே நம்பியிருந்தால் அவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். சொந்தமாக மனை இல்லாமல் மூன்று ஆண்டு தொடர்ந்து குடியிருந்தவர் அங்கிருந்து வெளியேற்றப்பட்டால் அவருக்கும் வீடு உண்டு. ஆனால் கூலிக்கு ரசீது யார் கொடுத்தார்கள்? குத்தகையை யார் எழுதி வைத்தார்கள்? நில உரிமையாளரிடம் ஒரு கடிதம் கேட்டால், குத்தகைதாரர் என்று ஒப்புக்கொண்டால் நிலத்தில் பங்கு கேட்பாரோ என்று பயந்து அவர் தர மாட்டார்.

அதனால் ஒரே தாளை நம்பாமல் கிடைப்பதையெல்லாம் சேர்த்துக் கட்டுங்கள். நூறு நாள் வேலை அட்டை, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, தடுப்பூசி அட்டை. பழைய தேதி போட்ட தாள் எதுவாக இருந்தாலும் எடுத்து வையுங்கள். வேலைக்காக வெளியூர் போய்ச் சில மாதம் கழித்துத் திரும்பியவர்களைத் “தொடர்ந்து இருக்கவில்லை” என்று வெட்டிவிடுவார்கள். அவர்களுக்குப் பள்ளிச் சான்று நன்றாகவே கைகொடுக்கிறது.

வரைவு மறுவாழ்வுத் திட்டத்தை அந்தப் பகுதியிலேயே பொது விசாரணை வைத்து மக்கள் முன் வைத்தாக வேண்டும். வழக்கமாக ஒரு வேலை நாளின் காலையில் வைப்பார்கள். அன்று கூலிக்குப் போகிற பெண்கள் யாரும் வர மாட்டார்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும், போய் உங்கள் பெயர் பட்டியலில் எந்த எண்ணில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். வாயால் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. 100 ஏக்கருக்குக் குறையாமல் எடுக்கும் இடங்களில் திட்ட அளவில் ஒரு மறுவாழ்வுக் குழு வேண்டும். அதில் பாதிக்கப்பட்ட பகுதிப் பெண்களின் பிரதிநிதி, பட்டியல் சாதி, பழங்குடிப் பிரதிநிதி இருக்க வேண்டும். உங்கள் ஊரில் அவர் யார் என்று கேளுங்கள். பல இடங்களில் பெயர் மட்டும்தான் இருக்கிறது.

நோட்டீஸின் தலைப்பில் எந்தச் சட்டம் என்று கட்டாயம் பாருங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் “அது வேறு சட்டம், மறுவாழ்வெல்லாம் இல்லை” என்று அனுப்பிவிடுவார்கள். 2015 ஆகஸ்ட் 28 தேதியிட்ட மத்திய அரசு ஆணை, நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களுக்கும் இந்த இழப்பீட்டையும் மறுவாழ்வையும் நீட்டித்திருக்கிறது. அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்நாட்டின் தொழிற்பயன்பாட்டு நில எடுப்புச் சட்டம் (1997), மாநில நெடுஞ்சாலைகள் சட்டம் (2001) என்று இருந்தால் நடைமுறையும் காலக்கெடுவும் வேறு. இங்கே சொன்ன விசாரணைப் படிகளை அதில் எதிர்பார்க்க முடியாது, உடனே வக்கீலைப் பாருங்கள். கையில் காசு இல்லாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தர வேண்டும்.

வங்கிக் கணக்கில் கவனம் தேவை. மறுவாழ்வுத் தீர்வாணையில் பணம் போக வேண்டிய கணக்கு எண்ணையும் எழுதுகிறார்கள். “அண்ணன் கணக்கு இருக்கே, அதில் போட்டுவிடலாம்” என்று சொன்னால் சம்மதிக்காதீர்கள், உங்கள் பெயரில் மட்டும் உள்ள கணக்கைக் கொடுங்கள். வீட்டைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரலாம் என்று அட்டவணை சொல்கிறது. தரலாம் என்றுதான் இருக்கிறது, ஆகவே கேட்காவிட்டால் கணவன் பெயரில் மட்டும் வரும்.

தொகை குறைவு என்று தோன்றினால் பணத்தை வாங்கும்போது “ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்” என்று எழுதித்தான் கையெழுத்துப் போட வேண்டும். எழுதாமல் வாங்கினால், 2013 சட்டத்தின் 64ஆம் பிரிவில் கூடுதல் தொகை கேட்டுப் போகும் வழி அடைபட்டுவிடும். அந்த மனுவையும் தீர்வாணை சொல்லப்பட்ட அன்று நீங்கள் நேரில் இருந்திருந்தால் ஆறு வாரத்துக்குள் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் கையெழுத்துப் போடும்மா” என்று யார் அவசரப்படுத்தினாலும், அந்த ஒரு வரியை உங்கள் கையாலேயே எழுதி, எழுதத் தெரியாதவர் என்றால் நம்பிக்கையானவரை வைத்து எழுதச் செய்து, தாளை போனில் படம் எடுத்துக்கொண்ட பிறகு கையெழுத்தோ கைநாட்டோ போடுங்கள்.